கொண்டு வருபவருக்கு ஒரு வெள்ளி அரைஞாண்

கண்ணா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வேலையிலிருந்து திரும்பும்போது கதவிடுக்கில் செருகியிருந்தது. உன் எழுத்தைப் பார்த்தால் செருப்பைக் கழற்றவும் தோன்றாது எனக்கு. வாசலிலேயே நின்று படித்தேன். புனேக் குளிர், மெஸ்ஸில் மூன்று வேளையும் சப்பாத்தி, சோப்பைத் தண்ணீரிலேயே ஊறவைக்கும் உன் அறைக்கூட்டாளி, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே படித்து வந்தவள் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். கம்பெனியில் டூல் ஸ்டோரை உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், சம்பளமும் கூடும், ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கடுத்த வரி இது: "வேண்டாம்னு சொல்லப் போறேன்மா. உனக்குத்தான் தெரியுமே, என் கைல எதுவும் தங்காது."

அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். இங்கே எல்லோரும் சுகம், மழை நின்றுவிட்டது, அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. அதெல்லாம் இவ்வளவுதான். உன் கையில் எதுவும் தங்காது என்பது உண்மை இல்லை. அப்படி உன்னை நம்பவைத்தது நான். எப்படி என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் பிடிக்கும். உட்கார்ந்து படி.

உனக்கு அப்போது ஏழு வயது. கொரட்டூரில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒற்றை அறையும் ஒரு சமையல் தடுப்புமாக இருந்த அந்த வீடு உனக்கு நினைவிருக்கும். நீ இடுப்பில் ஒரு வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தாய். உன் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராகச் சேர்ந்து வாங்கிய முதல் போனஸில் செய்தது. உன் வயிறு பெருக்கப் பெருக்க, வருஷத்துக்கு ஒரு கண்ணியாக அவரே தளர்த்திவிடுவார். அதற்கென்று பட்டறையிலிருந்து ஒரு சின்னக் குறடு கொண்டுவருவார். உன்னை முட்டிமேல் நிற்கவைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்கிற அதே முகத்தோடு அந்தக் கண்ணியை மாட்டுவார். எனக்கு அவரை மிகவும் பிடித்த நேரங்களில் அதுவும் ஒன்று.

நான் பி.யூ.சி. முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பதினேழு வயது. அதற்குப் பிறகு பொட்டலம் மடித்த தாள்வரை எதையும் விடாமல் படித்தேன், ஆனால் படிப்பு என்று ஒன்றைப் படிக்கவில்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளாதாரம் சேர வேண்டும் என்று இரண்டு வருஷம் உன் அப்பாவிடம் கேட்டேன். இரண்டு வருஷமும் அவர் மறுக்கவில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்மே," என்றார். பட்டறையில் ஆர்டர் குறைந்து பாதி நாள் ஷிப்ட் நடந்த காலம் அது. மூன்றாவது வருஷம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பீஸ் கட்டக் கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் சாக்கில் உன் அரைஞாணைக் கழற்றினேன்.

"இன்னாத்துக்குமா அவுக்கிற?"

"இறுக்குதுடா. வயித்துல தடம் விழுந்துகீது பாரு."

"நைனா வந்து லூசு பண்ணுவாரு."

"எடுத்து வச்சிக்கலாம். பெரியவனானதும் போட்டுக்கலாம்."

கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டேன். அப்பாவிடமும் அதையே சொன்னேன்: இறுக்குகிறது, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பீஸுக்கு என் அண்ணன் பணம் அனுப்பியதாக அவர் இத்தனை வருஷம் நம்பியிருந்தார். திங்கள்கிழமை உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு, கொரட்டூரில் யார் கண்ணிலும் படாமல் இருக்க ரயிலேறி ஆவடிக்குப் போனேன். மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு வெள்ளிக் கடை. கடைக்காரர் அரைஞாணை உள்ளங்கையில் குவித்து எடை பார்ப்பதுபோல் அசைத்தார்.

"அடகா, விக்கிறியாமா?"

"விக்கிறேன்."

"கொழந்த சாமான்மா. அடகு வையி. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, ரசீத எட்த்துகினு வந்தா மூட்டுகினு போலாம்."

அடகில் கிடைப்பது பீஸுக்குப் போதாது. அதை அவரிடம் சொல்லவில்லை. "வித்துடறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தராசை எடுத்தார். ஒரு ரசீதோடு திரும்பியிருக்க வேண்டியவள் ரூபாயோடு திரும்பினேன்.

கறுப்புக் கயிற்றோடு தெருக்குழாயில் குளிக்கப் போன அன்றே உன் கூட்டாளிகள் கேட்டுவிட்டார்கள். "டேய், இன்னாடா கயிறு கட்டிகினுகீற? வெள்ளிய உங்கூட்ல வித்துத் துன்ட்டாங்களா?" நீ அழுதுகொண்டே வந்தாய். அந்த வாரம்தான் நீ ரூபாய் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். பத்து ரூபாய்த் தாளில் ஆங்கிலத்தில் இருந்ததை உனக்குத் தமிழில் சொன்னேன்: "இதைக் கொண்டு வருபவருக்குப் பத்து ரூபாய் தருவேன் என்று உறுதி கூறுகிறேன்." நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பத்து ரூபாதான் கைலயே கீதே. அப்புறம் இன்னாத்த தருவாராம்?"

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. நீயும் காத்திருக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் காயாமலே, "எனக்கும் அந்த மாரி எழுதிக் குடு. அர்ணாக்கொடி தருவேன்னு எழுதிக் குடு," என்றாய். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன்: "இந்தச் சீட்டைக் கொண்டு வருபவருக்கு ஒரு வெள்ளி அரைஞாண் தருவேன் என்று உறுதி கூறுகிறேன்." கையெழுத்து இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தாய், நோட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். ஓரத்தில் நீயே சிங்கம் வரைந்தாய். மூன்று தலைக்கு இடம் போதாமல் ஒரே தலையோடு, மீசை வைத்த பூனை மாதிரி வந்தது. பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தாய்.

நீ அதை மாற்ற மூன்று முறை வந்தாய். முதல் முறை பொங்கலுக்கு. இரண்டு கையிலும் ஏந்தி, நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, "கொண்டாந்துட்டேன், குடு" என்றாய். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை முடிந்த அன்று மத்தியானமே வந்தாய். பெரிய வகுப்பு போகட்டும் என்றேன். நீ கோபப்படவில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டை அதே மடிப்பில் மடித்து டப்பாவில் வைத்தாய். அந்த மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்தபோது சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாய். ஒரு பொருளை இதைவிடப் பத்திரமாக யாரும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. இதை உன் ஸ்டோர் மேனேஜரிடம் நான் நேரில் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

இதற்குள் பாடங்கள் கட்டுக் கட்டாகத் தபாலில் வர ஆரம்பித்திருந்தன. இரண்டாவது கட்டில் பணத்தின் வரலாறு இருந்தது. உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உலையை ஏற்றிவிட்டு, அதைப் படித்த காலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சீனத்தில் ஒரு பக்கத்தில் இரும்புக் காசுதான் புழங்கியது. ஒரு மூட்டை உப்பு வாங்கக் காசு அதைவிடக் கனக்கும். வியாபாரிகள் காசை நம்பிக்கையான ஒரு கடையில் விட்டுவிட்டு, விட்டதற்கு ஒரு தாள் வாங்கிக்கொண்டார்கள். தாளைக் காட்டினால் காசு. பிறகு காசை எடுக்கப் போகாமல் தாளையே கைமாற்றினார்கள். பிறகு அரசாங்கமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது, பெட்டியில் இருந்த காசைவிட அதிகமாகத் தாள் அடித்தது. லண்டனில் பொற்கொல்லர்கள் தங்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், அந்த ரசீதும் இப்படித்தான் ஊர் சுற்றியது. நம் ஊர் நோட்டுக்கும் ஒரு காலத்தில் கவுண்டரில் வெள்ளி ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தது. "இன்னாத்த தருவார்" என்றால், வெள்ளியைத் தருவார். கையில் இருந்தது பத்து ரூபாய் இல்லை, பத்து ரூபாய்க்கான ரசீது.

அடுத்த பக்கத்தில் முதல் உலகப்போர். வெள்ளி தட்டுப்பாடு. அரசாங்கத்திடம் வெள்ளி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பேச்சுக் கிளம்ப, பம்பாயில் ஜனங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினார்கள். வெள்ளிக்குப் பதிலாக ஒரு ரூபாய்க்கும் இரண்டரை ரூபாய்க்கும்கூடத் தாள் அடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வெள்ளி வரும்வரை எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். அந்தக் கவுண்டரில் நின்றவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு நீ தெரிந்தாய். இரண்டு கையிலும் காலண்டர் தாளை ஏந்திக்கொண்டு, அடுப்பங்கரைக்கு முன்னால். எனக்குக் கப்பல் எதுவும் வராது. உன் வெள்ளியைக் கொடுத்து நான் வாங்கிய பாடம், வெள்ளி இல்லாமல் சீட்டு எழுதியவர்களைப் பற்றியதாக இருந்தது. உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் வேறு ஏதாவது பேசியிருப்பார். எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பாதி ஷிப்ட் காலத்தில் ஒரு குண்டுமணி வெள்ளி வாங்கவும் வழி இல்லை.

மூன்றாவது முறை நீ வந்தது ஜூன் மாதம், பெரிய வகுப்புப் போன முதல் நாள். நான் தீபாவளி என்றேன். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "சரி, நாளைக்கு நைனாகைல காட்றேன். அவரு உங்கைலேந்து வாங்கிக் குடுப்பாரு." மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தாய்.

அடுத்த நாள் நீ பள்ளிக்குப் போனதும் டப்பாவிலிருந்து சீட்டை எடுத்துவிட்டேன்.

நீ சாயந்திரம் தேடினாய். துணிப்பெட்டியைக் கவிழ்த்தாய். பாயை உதறினாய். டப்பாவைத் தலைகீழாகத் தட்டி, அடிப்பக்கத்தை முகர்ந்துகூடப் பார்த்தாய். கடைசியில் என்னிடம் வந்து நின்றாய். அழவில்லை. "தொலைச்சிட்டேன்மா," என்றாய். குற்றம் செய்தவன் ஒப்புக்கொள்கிற மாதிரி. நான் உன்னை இழுத்து மடியில் போட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "தொலைச்சிட்டியா? சீட்டு இல்லாம எப்படிடா குடுக்கிறது?"

பதினான்கு வருஷமாக அந்த வாக்கியம் என் காதில் இருக்கிறது. உனக்கு நினைவிருக்காது. நினைவில்லாமலேயே அது உனக்குள் வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு நீ பஸ் பாஸை என்னிடம் கொடுத்து வைத்தாய். குடை வேண்டாம் என்று நனைந்துகொண்டு போனாய். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை உன் கூட்டாளியிடம் கொடுத்தாய், அவன் தெருமுனையில் நின்று, "மாமே, உன்னுதும் என்கிட்டதான் கீது, பயந்துக்காத வா," என்று கத்தியது வீடுவரை கேட்டது. அப்பா உனக்கு 'ஓட்ட பாக்கெட்டு' என்று பேரே வைத்துவிட்டார். சாதாரணமாக எல்லாப் பையன்களும் தொலைக்கிற பென்சிலை நீ தொலைத்தால், வீட்டில் அதற்கு ஒரு சரித்திரம் ஏற்கெனவே தயாராக இருந்தது. புனேக்குக் கிளம்பும்போது ரயில் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்து ஊசியால் தைத்துவிடச் சொன்னாயே, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தைத்துக்கொண்டே சிரித்தேன்.

பி.ஏ. முடித்தேன். மூன்றாம் வகுப்பு, ஆனாலும் முடித்தேன். எஸ்டேட்டில் டெஸ்பாட்ச் கிளார்க் வேலை கிடைத்ததும் அந்தப் படிப்பால்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பூந்தமல்லியில் ஒரு ஆசாரியிடம் அதே கனத்தில், அதே கண்ணி வேலையில் அரைஞாண் செய்யச் சொல்லி வாங்கினேன். உனக்கு அப்போது பதினைந்து. "இத்தினி பெரிய ஆளுக்கா?" என்று ஆசாரி கேட்டார். அதைக் கொண்டுவந்து அரிசி டின்னில் புதைத்து வைத்தேன். ஆறு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. கொடுத்தால் எதற்கு என்று கேட்பாய், எதற்கு என்று சொல்ல வேண்டும். வெள்ளி தீரும் நிலையிலும் கவுண்டரை மூடாதவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டே மூடிவைத்தவள் நான்.

உன் கடிதம் வந்த மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில், அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது. பாதி முகத்தில் சோப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலில் கேட்டது, "எவ்ளோக்கு வித்த?" சொன்னேன். "ஆவடிக்காரன் நல்லா ஏமாத்திகீறாம்மே," என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஓட்ட பாக்கெட்டு, ஓட்ட பாக்கெட்டுன்னு கூப்ட்டு கூப்ட்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அன்று சாயந்திரம் வேலையிலிருந்து வரும்போது பட்டறைக் குறடைக் கொண்டுவந்தார். அரைஞாணைக் கேட்டு வாங்கி, இருபத்தொரு வயது இடுப்பு எவ்வளவு இருக்கும் என்று தன் பெல்ட்டை வைத்து அளந்து பார்த்தார். கண்ணி போதவில்லையாம். இன்னும் ஒரு சாண் வெள்ளிக்கு ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார்.

நீ சின்ன வயதில் கண்டுபிடித்த இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு ரூபாய்த் தாளில் மட்டும் அந்த உறுதிமொழி இல்லை என்று நீதான் எனக்குக் காட்டினாய். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், மற்ற தாள்கள் தருவதாகச் சொல்வதே அந்த ரூபாயைத்தான். அது தருவேன் என்று சொல்ல வேண்டியதில்லை, அதுவே ரூபாய். உன் அப்பாவை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். எந்த நாளும் எதையும் தருவேன் என்று சொன்னவர் இல்லை. குறடோடு வந்து நிற்பார்.

ஸ்டோர் வேலை எப்படி நடக்கும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஆளுக்கு இத்தனை பித்தளை டோக்கன் என்று நம்பர் அடித்துக் கொடுத்திருப்பார்களாம். டோக்கனைக் கொடுத்தால் கருவி. கருவி இருந்த ஆணியில் டோக்கன் தொங்கும், திரும்பக் கொண்டுவந்தால் டோக்கனை எடுத்துக் கொடுக்க வேண்டும். என் மகனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. எடுத்துக்கொள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். டோக்கனோடு ஒருவன் வந்து நிற்கும்போது கருவி இருந்தால் கொடு. இல்லையென்றால், இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். பொங்கலுக்கு என்று சொல்லாதே. டோக்கனை அவன்தான் தொலைத்தான் என்று மட்டும் எந்த நாளும் சொல்லிவிடாதே.

இந்த உறையில் இன்னொரு தாள் இருக்கிறது, பார். காலண்டர் தாள், மடிப்பில் சோற்றுப் பருக்கை காய்ந்த தடம், ஓரத்தில் பூனை மீசையோடு ஒரு சிங்கம். இரண்டாவது கட்டுப் பாடப் புத்தகத்துக்குள் இத்தனை வருஷம் இருந்தது. நீ தொலைக்கவில்லை கண்ணா. நீ எதையும் தொலைக்கவில்லை.

அரைஞாணைத் தபாலில் அனுப்பவில்லை. கொண்டு வருபவருக்கு என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் நீ வர வேண்டும். லீவு கிடைக்கும்போது வா. கோபத்தோடு வந்தாலும் சரி, அதைக் கேட்க நான் இருக்கிறேன். சீட்டைச் சட்டைப் பையில் சும்மா வைத்துக்கொண்டு வா, தைக்க வேண்டாம். வழியில் எங்கேயாவது அது விழுந்துவிட்டால் பாதியில் திரும்பிவிடாதே. நேரே வீட்டுக்கு வா.

சீட்டு இல்லாவிட்டாலும் கொடுப்பேன்.

அம்மா